கன்றுக்குட்டி என்றொரு சமாதானம்

நாலு நிமிடம். போன வருஷம் கோபாலசாமியின் மானத்தை வாங்கியது வெறும் நாலு நிமிடம்.

ஐம்பது கிலோமீட்டர், அதாவது முப்பத்தொரு மைல், காட்டுப்பாதை ஓட்டம் அது. தார் ரோடு கிடையாது. வேரும் கல்லும் காய்ந்த ஓடையுமாகக் கிடக்கிற ஒற்றையடிப் பாதை. இருபத்துநாலாவது மைலில் ஒரு கூடாரம் போட்டு, தண்ணீரும் உப்புப் போட்ட உருளைக்கிழங்கும் கொடுப்பார்கள். எய்ட் ஸ்டேஷன் என்று பேர். மதியம் இரண்டு மணிக்குள் அங்கே வந்து சேராதவர்களை மேற்கொண்டு ஓட விடமாட்டார்கள். அதற்குக் கட்-ஆஃப் என்று பேர். கோபாலசாமி வந்து சேர்ந்தது இரண்டு மணி நாலு நிமிடத்துக்கு. தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, "யூ டிட் கிரேட், ஹனி" என்று சிரித்துக்கொண்டே அவர் பனியனில் குத்தியிருந்த நம்பரைக் கழற்றி வாங்கிக்கொண்டார். அப்புறம் ஒரு பிக்கப் வண்டியின் பின்னால், ஐஸ் பெட்டிகளோடு ஐஸ் பெட்டியாக உட்கார்ந்து முடிவுக்கோட்டில் வந்து இறங்கினார். அங்கே மனைவி வசந்தாமணியும் மகள் தென்றலும் போனைத் தூக்கிப் பிடித்தபடி, அப்பா எந்தப் பக்கம் ஓடி வருவார் என்று காட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் இறங்கியது அவர்கள் முதுகுக்குப் பின்னால்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பாருங்கள், கொடுமை. டெக்சாஸின் காப்பெல்லில் இருக்கிற தமிழ் ஓட்டக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் நாற்பது பேர். "இன்னும் பத்து நாள்", "இன்னும் ஒன்பது நாள்" என்று தினமும் கணக்குப் போட்டு எழுதியவர் இவர்தான். நாற்பது பேரும் அன்றைக்கு ஆளுக்கொரு கும்பிடு பொம்மை அனுப்பினார்கள். ஓடி முடித்தவனுக்கு யாராவது கும்பிடு போடுவார்களா? கோபாலசாமி போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

அந்த நாலு நிமிடத்தை மறக்க ஒன்பது மாதம் உழைத்தார். உழைப்பு என்றால் சும்மா இல்லை. காப்பெல் சப்பாத்திக் கல் மாதிரி தட்டையான ஊர், மேடு என்று ஒன்றைக் காட்ட முடியாது. அதனால் ஆபீஸ் பார்க்கிங் கட்டடத்தின் ஏழு மாடிச் சாய்தளத்தில் ஏறி இறங்கி ஓடினார். முதுகுப் பையில் ஒரு சோனா மசூரி அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்து செக்யூரிட்டி ஆள் இரண்டு முறை நிறுத்தி விசாரித்தான். தென்றல் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, யூ ஆர் லிட்ரலி டேக்கிங் ரைஸ் ஃபார் எ வாக்" என்றாள். மனுஷன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டெக்சாஸ் வெயில் பழக வேண்டும் என்று ஆகஸ்ட் மாதம் மத்தியானத்தில் ஓடினார். ஆகஸ்டில் இங்கே நாய்கூட அந்த நேரத்துக்கு வெளியே வராது.

சனிக்கிழமைகளில் கிரேப்வைன் ஏரிக்கரைப் பாதை. அங்கேதான் ஷ்யாமளா சேர்ந்துகொண்டார். மாம்பலத்துக்காரர், மருந்துக்கடையில் பார்மசிஸ்ட், நாற்பத்திரண்டு வயசு. முதலில் ஐந்து மைலுக்கே மூச்சு வாங்கினவரை இழுத்துப்பிடித்து ஓட வைத்தது கோபாலசாமிதான். உப்பு மாத்திரை எப்போது போடுவது, கால் விரலுக்கு எதைத் தடவுவது, இறக்கத்தில் எப்படிக் கால் வைப்பது, எல்லாம் இவர் பாடம். ஆறே மாதத்தில் ஷ்யாமளா குருவை முந்திவிட்டார், அது வேறு கதை. முந்தினாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, "அண்ணா, வரீங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார். வீட்டிலிருந்து புளியோதரையை உருண்டை பிடித்துக்கொண்டு வந்து பாதியை இவரிடம் கொடுப்பார்.

"இந்தத் தடவை ரெண்டு பேரும் சேந்து முடிக்கிறோம் அண்ணா. நீங்க மட்டும் கட்-ஆஃப் தாண்டலைன்னா ஜேபி என்னை கலாய்ச்சே கொன்னுடுவான், கோச் ஃபெயில், ஸ்டூடண்ட் பாஸ்னு" என்று சிரிப்பார். ஜேபி அவர் கணவர் ஜெயபிரகாஷ்.

கோபாலசாமியும் சிரிப்பார். உள்ளுக்குள் அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தியது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அக்டோபரில் ஓட்டம். காலையில் ஓட்டத்தை நடத்துகிறவர் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று பேசினார். பாம்பு இருக்கிறது, முள்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பண்ணை மாடுகள் இருக்கின்றன, கிட்டே போகாதீர்கள் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: யாராவது விழுந்து கிடந்தால் நில்லுங்கள், நின்ற நேரத்தை நான் உங்கள் கணக்கில் கழித்துத் தருகிறேன், கட்-ஆஃப் பற்றிக் கவலை வேண்டாம். கோபாலசாமி தலையை ஆட்டினார். எல்லோருமே ஆட்டினார்கள்.

இருபதாவது மைலில் இருந்த இன்னொரு கூடாரத்துக்கு அவர் வந்தபோது, அங்கிருந்த பையன், "யுவர் ஃபிரண்ட் ஜஸ்ட் லெஃப்ட். ஃபைவ் மினிட்ஸ்" என்றான். ஷ்யாமளாவுக்குக் குதிகாலில் கொப்புளமாம், கட்டுப் போட்டுக்கொண்டு இப்போதுதான் கிளம்பினாராம். இவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவர்கள் இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேரும் அப்புறம் இதே கூடாரத்தில் உட்கார்ந்து, போதும்டா சாமி என்று ஷூவைக் கழற்றியது அவருக்குத் தெரியாது.

இருபத்திரண்டாவது மைலில் பாதை ஒரு காய்ந்த ஓடையின் ஓரமாகப் போகிறது. ஒரு பக்கம் முள்கம்பி வேலி, இன்னொரு பக்கம் புதர் மண்டிய சரிவு. தொடை இரண்டும் மரத்துப்போய், வாயில் உப்புக் கரித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தார் கோபாலசாமி. அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"அம்மா..."

சரிவுக்குக் கீழேயிருந்து வந்தது. நின்றுவிட்டார். காலுக்கடியில் கல் சறுக்கி உருண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். தூரத்தில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கன்றுக்குட்டியாக இருக்கும் என்று நினைத்தார். கன்று அம்மா என்றுதானே கத்தும்? ஒன்றாம் வகுப்பில் படித்ததுதானே? கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்தார். மணி ஒன்று முப்பத்தொன்று. அடுத்த கூடாரத்துக்கு இன்னும் இரண்டு மைல். இருபத்தொன்பது நிமிடம்.

"அய்யோ, அம்மா..."

எந்த ஊர்க் கன்றுக்குட்டி அய்யோ என்று கத்தும்? அந்தக் காட்டில் அன்றைக்கு ஓடிய முன்னூறு பேரில் அய்யோ அம்மா என்று கத்தக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் இவர். கோபாலசாமிக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்த உடனேயே அதன் மேல் கன்றுக்குட்டியைத் தூக்கிப் போட்டு மூடிவிட்டார். பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. கன்றுக்குட்டியைப் பின்னால் வருகிறவன் எதற்குப் பார்க்க வேண்டும் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஓடினார்.

ஒன்று ஐம்பத்தெட்டுக்கு இருபத்துநாலாவது மைல் கூடாரத்தில் நுழைந்தார். கைதட்டினார்கள். அங்கேயாவது வாயைத் திறந்திருக்கலாம். அங்கே ஒரு சத்தம் கேட்டது, போய்ப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு வண்டி போயிருக்கும். சொன்னால், நீ ஏன் நிற்கவில்லை என்று கேட்பார்களே. ஷ்யாமளா கடந்து போய்விட்டாரா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, தசைப்பிடிப்பு வராமலிருக்கக் கொடுக்கிற ஊறுகாய்த் தண்ணீர் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, மிச்ச ஏழு மைலையும் ஓடி முடித்தார். கழுத்தில் மெடல் போட்டார்கள். வசந்தாமணி அழுதுவிட்டாள். தென்றல் வியர்வை நாற்றத்தைக்கூடப் பார்க்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஐ ஆம் சோ ப்ரௌட் ஆஃப் யூ, அப்பா" என்றாள்.

அதற்குப் பத்து நிமிடம் கழித்து ஆம்புலன்ஸ் வந்தது.

பாதை அடையாளத்துக்குக் கட்டிய ரிப்பன்களைக் கடைசியாக அவிழ்த்துக்கொண்டு வந்த தொண்டர்கள்தான் ஷ்யாமளாவைக் கண்டுபிடித்தார்கள். சரிவில் பத்தடி கீழே. கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்து, தண்ணீர் பாட்டில் எங்கோ உருண்டுபோய், ஐம்பத்தைந்து நிமிடம் கிடந்திருக்கிறார். கிடந்த இடத்தில் நெருப்பெறும்புப் புற்று. நகர முடியவில்லை. ஒரு கை முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக வீங்கியிருந்தது. அவரைக் காட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மறுநாள் கோபாலசாமியும் வசந்தாமணியும் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தார்கள். காலில் பிளேட் வைத்து ஆபரேஷன் முடிந்திருந்தது. ஜெயபிரகாஷ் இரண்டு நாள் தாடியோடு நின்றிருந்தார்.

"யாரோ மேல வந்து நின்னாங்க, அண்ணா" என்றார் ஷ்யாமளா. "கல்லெல்லாம் என் மேல உருண்டுச்சு. அப்புறம் போயிட்டாங்க. தப்பு என் மேலதான். ஹெல்ப்புன்னு கத்தியிருக்கணும். வலில அம்மான்னுதான் வருது. பாவம், அந்த வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும்? ஏதோ மாடு கத்துதுன்னு நெனச்சிருப்பான்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அழுகை வரும் நேரத்தில் வருகிற சிரிப்பு. கோபாலசாமியின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

"நீங்க பாத்திருக்க முடியாது, கோபால். கீழ பள்ளம் இல்லையா" என்றார் ஜெயபிரகாஷ், தானாகவே ஒரு வழி விட்டு. அந்த வழியில் கோபாலசாமி நுழைந்துகொண்டார்.

"நான் இயர்போன் போட்டிருந்தேன், ஜேபி. பாட்டு ஓடிட்டிருந்துச்சு. ஒண்ணுமே கேக்கல" என்றார்.

வாழ்க்கையில் அவர் ஓடும்போது பாட்டுக் கேட்டதே இல்லை. வசந்தாமணிக்கு அது தெரியும். ஆனால் அவள் அப்போது ஷ்யாமளாவின் கையில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள், காதில் விழவில்லை.

காரில் திரும்பும்போது அவள் பொரிந்து தள்ளினாள். "ஏனுங்க, அந்தாளெல்லாம் ஒரு மனுசனா? ஒரு பொம்பள கத்தறதக் கேட்டு நின்னுட்டு, அப்பறம் போறான்னா? பாசை புரியலயாமா! பாசை புரியாட்டி வலி புரியாதுங்களா? அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள்ல? அவன் நல்லாவே இருக்க மாட்டான், பாருங்க."

"விடு வசந்தா" என்றார் கோபாலசாமி.

"என்னத்த விடறது? உங்களுக்கு ஆத்தரமே வராதா?"

ஆத்திரம் வந்தது. யார் மேல் என்பதைத்தான் சொல்ல முடியவில்லை. அன்று இரண்டு முறை சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போனார்.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. வசந்தாமணி வாரம் இரண்டு தடவை ஷ்யாமளாவுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். எடுத்துப் போய்க் கொடுப்பது கோபாலசாமி. வாசலிலேயே கொடுத்துவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று சொல்லி ஓடி வந்துவிடுவார். ஓடுவதையே விட்டுவிட்டார். மெடலைத் தென்றல் ஹாலில் மாட்டி வைத்திருந்தாள். அந்தப் பக்கம் முகம் திருப்பாமல் சமையலறைக்குப் போகப் பழகிக்கொண்டார். வாட்ஸாப் குழுவில் இந்த முறை கும்பிடு இல்லை, கைதட்டல். தீபாவளி விழா மேடையில் இவருக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாகச் செய்தி வந்தது. போன வருஷம் தோற்றதற்கு வெட்கப்பட்டோமே, அது என்ன வெட்கம், அது ஒரு குழந்தை விளையாட்டு என்று அவருக்கு இப்போது புரிந்தது. அந்தச் சின்ன வெட்கத்துக்குப் பயந்துதான் இந்தப் பெரிய வெட்கத்துக்குள் வந்து விழுந்திருந்தார். சோறு இறங்கவில்லை. கண்ணாடியில் சவரம் செய்யும்போது கன்னத்தை மட்டும் பார்த்தார், கண்ணைப் பார்க்கவில்லை.

பொன்னாடை போர்த்தும் நாளுக்கு நாலு நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை காலை, ரசமும் பொரியலும் அடங்கிய பையோடு ஷ்யாமளா வீட்டுக்குப் போனவர், இந்த முறை உள்ளே போனார்.

ஷ்யாமளா சோபாவில் காலை நீட்டித் தலையணை மேல் வைத்திருந்தார். "அதிசயமா இருக்கே! மீட்டிங் இல்லையா அண்ணா? ஜேபி, அண்ணா வந்திருக்கார், காபி போடு."

ஜெயபிரகாஷ் சமையலறைக்குப் போனார். கோபாலசாமி உட்காரவில்லை.

"ஷ்யாமளா, அன்னிக்கு மேல வந்து நின்னது நான்தான்."

ஷ்யாமளா அவரைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அண்ணா, ப்ளீஸ். நீங்க ஒண்ணும் கில்ட்டியா ஃபீல் பண்ண வேண்டாம். எனக்குத் தெரியும், என்னை ஓடக் கூப்பிட்டோமேன்னு உங்களுக்கு இருக்கு. வசந்தா அக்காகூட ஃபோன்ல சொன்னாங்க, சரியாச் சாப்பிடறது இல்லைன்னு. அதுக்காக இப்படியா பழியைத் தூக்கித் தலையில போட்டுப்பீங்க? நீங்கதான் இயர்போன் போட்டிருந்தீங்களே."

"எங்கிட்ட இயர்போனே கெடயாதுங்க."

"உங்க மனசு யாருக்கு வரும் சொல்லுங்க" என்றார் ஷ்யாமளா.

இதற்கு மேல் ஒரு தண்டனை உண்டா? செய்த பாவத்தைச் சொல்ல வந்தவனுக்கு நல்லவன் என்று பட்டம். அப்படியே விட்டுவிட்டு வந்துவிடலாம். சொல்லியும் ஆயிற்று, நம்பவில்லை, நான் என்ன செய்ய என்று காலம் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு கணம் கோபாலசாமிக்கு அந்த ஆசையும் வந்தது. அந்த ஆசை வந்ததற்காகவே தன் மேல் காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

போனை எடுத்தார். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஆப்பைத் திறந்து, அன்றைய வரைபடத்தைப் பெரிதாக்கி ஷ்யாமளாவின் கையில் கொடுத்தார். ஓடையின் ஓரம், வேலி திரும்புகிற இடம். அதற்குக் கீழே வேகத்தைக் காட்டும் கோடு. சமமாக வந்துகொண்டிருந்த கோடு அங்கே தரைக்கு இறங்கி, கொஞ்ச தூரம் படுத்துக் கிடந்து, பிறகு எழுந்து முன்னைவிட உயரத்துக்குப் போயிருந்தது.

ஷ்யாமளா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஓட்டக்காரருக்கு அந்தக் கோட்டைப் படிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லித்தந்ததே கோபாலசாமிதான்.

"ஒன்னு முப்பத்தொன்னு" என்றார். "பத்தொன்பது செகண்ட் நின்னிருக்கீங்க."

"ஆமாங்க."

"அப்புறம் ஸ்பீடா போயிருக்கீங்க."

 கோபாலசாமி தலையை ஆட்டினார். சமையலறையில் பால் பொங்கும் சத்தம் கேட்டது.

"எத்தனை தடவை கேட்டுது?" என்றார் ஷ்யாமளா. குரல் உயரவில்லை. மருந்துக்கடையில், எத்தனை நாளாக இருமல் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"ரெண்டு தடவ. கன்னுக்குட்டின்னு நெனச்சேன்... இல்லிங்க. நெனைக்கல. நீங்கன்னு தெரியும்."

"நான் மூணு தடவை கூப்பிட்டேன்" என்றார் ஷ்யாமளா. போனை அவரிடம் நீட்டினார். "மூணாவது தடவை உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பின்னாடி நீங்கதான் வருவீங்கன்னு தெரியுமே. கோபால் அண்ணான்னு கத்தினேன். கால் சத்தம் நிக்கவே இல்லை. சரி, இது வேற யாரோ, கோபால் அண்ணாவா இருந்தா அம்மான்னதுமே இறங்கி வந்திருப்பாருன்னு விட்டுட்டேன். நீங்க வருவீங்க வருவீங்கன்னு அப்புறம் கத்தவே இல்லை. தண்ணி இல்லை, தொண்டை வறண்டுடும், நீங்க வரும்போது கூப்பிடணுமேன்னு வாயை மூடிண்டு கிடந்தேன்."

மூன்றாவது குரல் கோபாலசாமிக்குக் கேட்டிருக்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நின்றிருப்பாரா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். 

"மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு..." என்று ஆரம்பித்தார்.

"கேக்காதீங்க" என்றார் ஷ்யாமளா. "இப்போ கேக்காதீங்க."

ஜெயபிரகாஷ் டபராவும் டம்ளருமாகக் காபியோடு வந்தார். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன ஆச்சு? கால் வலிக்குதா ஷ்யாம்?"

"இல்லை. நீ உக்காரு. அவர் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் ஷ்யாமளா. அண்ணா என்ற வார்த்தை அதில் இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கோபாலசாமி காபியை வாங்கி மேஜை மேல் வைத்தார்.  வாசல் கதவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. இரண்டு பெருமூச்சு விட்டுவிட்டு, சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு ஷ்யாமளா விழுந்த எடத்துல நான் நின்னேன், ஜேபி" என்றார்.

ஜெயபிரகாஷுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தப்பாகப் புரிந்தது. கண் கலங்கிப்போய், "எனக்குத் தெரியும் கோபால், நீங்க நிக்காம இருந்திருக்க மாட்டீங்க. எங்களுக்குத்தான் யாரும் சரியா சொல்லலை" என்று அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கோபாலசாமி அந்தக் கைகளிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டு, மீதியைச் சொன்னார்.